பூஜை அறைச் சுவர்

வீடு பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போகக் கூடாது, ஸார். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறபோது, வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. நானும் விசாலாக்ஷியும் போனது சித்திரையில்.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. பெயர் வேம்பு. மயிலாப்பூரில் பாட்டு வாத்தியார் வேம்பு ஐயர் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். வீடு என்றால் சொந்த வீடு அல்ல. சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில், பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டின் பின்கட்டு. கல்யாணமான நாளிலிருந்து விசாலாக்ஷி அங்கே குழாயடியில் தன் முறைக்குக் காத்து நின்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. தனக்கென்று ஒரு பூஜை அறை வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

வீட்டுத் தரகன் ஸ்ரீரங்கன் எங்களுக்கு அந்நியன் அல்ல. அவன் பெண் வசந்தி சிறு வயதிலிருந்தே என்னிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். தாயில்லாப் பெண். பாட்டு முடிந்ததும் சமையலறைக்குள் ஓடிவிடுவாள். விசாலாக்ஷிதான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள், மருதாணி வைத்துவிடுவாள். நல்ல சாரீரம். சொன்னதைச் சொன்னபடி பாடுவாள், ஏன் என்று கேட்கமாட்டாள்.

ஒருநாள் பெண்ணை அழைத்துப் போக வந்த ஸ்ரீரங்கன் என்னிடம், "ஸ்வாமி, உங்களுக்குன்னே ஒரு ஆம் பார்த்து வெச்சிருக்கேன்" என்றான். "மாம்பலம். பனகல் பார்க்கிலேர்ந்து கூப்பிடு தூரம். எலெக்ட்ரிக் ரயில் வேற வந்துடுத்து. இன்னும் கொஞ்ச நாள் போனா அங்கே ஒரு அடி மண் கிடைக்காது."

போனோம். அந்த இடம் ஏரியாக இருந்தது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் முன்னால் நிற்கும்போது ஏரி யாருக்கு ஞாபகம் வரும்? கிணற்றடியில் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் மொண்டு வைத்திருந்தது. "தீர்த்தம் சாப்பிட்டுப் பாருங்கோ மாமி" என்று விசாலாக்ஷிக்கு எடுத்துக் கொடுத்தான். கற்கண்டு மாதிரி இருந்தது. பின்னால் பூஜை அறை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெருமாள் படம். விசாலாக்ஷி அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "படத்தையும் உங்களுக்கே விட்டுடறேன்" என்றான் ஸ்ரீரங்கன்.

அப்போது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. சரிகைத் தலைப்பாகை வைத்த ஒருவர் இறங்கி வந்தார். எங்களைப் பார்க்காமலே, இன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறேன், இந்த வீடு தனக்குத்தான் வேண்டும் என்றார். ஸ்ரீரங்கன் கையைப் பிசைந்தான். என்னைத் தனியாக அழைத்துப் போய், "வாத்தியார் முந்திண்டா நான் அவருக்குக் கதவைச் சாத்திடறேன்" என்றான். விசாலாக்ஷி என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் ஏரிச் சேறு மாதிரி கறுத்து வந்தது. குடித்தனம் போன நாளிலிருந்தே அது உப்பு. குடத்தில் இருந்தது வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த தண்ணீர். அதையாவது பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் காலை பூஜை அறையில் பெருமாள் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராக்கலாம் என்று எடுத்தேன். படத்துக்குப் பின்னால் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. என் கை உள்ளே போயிற்று.

மாசிலாமணி என்ற கொத்துமேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, இது உள்ளார சாஞ்சிக்கினு கீது. கீழ இருக்கறது களிமண்ணு. முட்டுக் குடுக்கறேன், நிக்கும். முட்டுக்கட்டைய எடுத்தீங்கன்னா மழைக்கு உக்காந்துரும்" என்றார். அறைக்குள் குறுக்கே சவுக்குக் கட்டைகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார். அதோடு பூஜை அறை போயிற்று. விசாலாக்ஷி விளக்கைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். என்னைக் குறைசொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஸ்ரீரங்கனிடம் போனேன். சத்தம் போடவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னேன். அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"நான் பொய் சொன்னேனா ஸ்வாமி? படத்தை எடுத்துப் பார்க்க வேண்டாம்னேனா? சங்கீதக்காரா காதாலேயே எல்லாத்தையும் வாங்கிடறேள். வீட்டைக் கண்ணால வாங்கணும்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு, "வசந்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. நீங்கதான் வந்து நலங்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கணும்" என்றான்.

சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் கல்யாணம் கழிந்து, தம்பூராவுக்குத் தந்தி மாற்றச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு விறகுத் தொட்டியில் சரிகைத் தலைப்பாகைக்காரரைப் பார்த்தேன். தலைப்பாகை இல்லை. கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பெயர் குப்பனாம். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஊடு வாங்கினியே அந்த சாமிதானே நீ? நான் எங்க நைனா ஊடு வாங்கறது. தலப்பா கட்டிக்கினு வந்து எனக்கே குடுன்னு சொல்லுன்னாரு தரகரு. உன்னாட்டம் எத்தினியோ பேருக்குச் சொல்லிக்கீறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று திரும்பி வரும்போது மனது ரொம்ப லேசாக இருந்தது. செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால் மனிதனுக்கு ஒரு நிம்மதி வருகிறது.

வசந்தியின் புருஷன் கிச்சாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பீச் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. சீர் வரிசையில் ஏதோ குறை என்று மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை. பெண்டாட்டியையும் பிறந்தகத்துக்கு அனுப்பமாட்டான். மாம்பலத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தான். "மாமனார்கிட்ட போனா மாப்பிள்ளைன்னுகூடப் பார்க்காம கமிஷன் எடுப்பார்" என்று என்னிடமே சொன்னான். உண்மைதான், எடுத்திருப்பான்.

"நான் மயிலாப்பூருக்கே திரும்பிடலாம்னு இருக்கேன்" என்றேன் அவனிடம். "விசாலாக்ஷிக்குக் கபாலி கோவில் இல்லாம இருப்புக் கொள்ளல்லை."

மறுபடி கோடை வந்திருந்தது. சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தன. பிளவைக் காரை வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். நானே அடித்தேன், ஆள் வைக்கவில்லை. பெருமாளைப் பழைய இடத்தில் மாட்டினேன். விசாலாக்ஷி அப்போது தன் தமையன் வீட்டுக்குக் கும்பகோணம் போயிருந்தாள். மேஸ்திரி வந்து சுவரைச் சரிசெய்துவிட்டார் என்று அவளுக்கு எழுதினேன். குடத்தில் தண்ணீர்கூட மயிலாப்பூரிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். தலைப்பாகை ஆள் மட்டும் எனக்குத் தேவைப்படவில்லை. வாத்தியார் சொன்னால் போதுமே.

கிச்சா பெயருக்குப் பத்திரம் பதிவான பிறகுதான் ஸ்ரீரங்கனுக்குத் தெரிந்தது. ஓடிவந்தான். நான் மயிலாப்பூரில் பழைய பின்கட்டுக்கே வந்துவிட்டேன். வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஸ்வாமி, அடியேன் பண்ணினது தப்பு. அந்த ஆத்தை நீங்களே திருப்பி வாங்கிக்கோங்கோ. கிரயம் என்னவோ நான் தரேன்."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கோளேன்" என்றேன். "சுவர் பிளந்திருக்கு, நான்தான் மூடி வித்தேன்னு ஒரு வார்த்தை."

"அதை எப்படிச் சொல்லுவேன்? ஏற்கெனவே முறுக்கிண்டு நிக்கறான். இது தெரிஞ்சா அவளைக் கொண்டுவந்து என் வாசல்ல விட்டுடுவான். நீங்க சொல்லுங்கோ. நீங்க சொன்னா வேற மாதிரி எடுத்துப்பான்."

"நான் என்ன பொய் சொன்னேன், திருத்திச் சொல்றதுக்கு?" என்று கேட்டேன். அவன் முகம் கோணிப் போயிற்று. அதைப் பார்ப்பதற்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். விசாலாக்ஷி கோலம் போட்டாள். அடைத்த சுவரைத் தொட்டுப் பார்த்து, மேஸ்திரி நன்றாகச் செய்திருக்கிறார் என்று என் காதோடு சொன்னாள். வசந்தி அந்த அறையில் தம்பூராவை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டாள். படத்துக்கு அடியில் உட்கார்ந்து, சுவரில் முதுகு படும்படி பாடு என்றேன். அங்கே குரல் நன்றாகத் திரும்பி வரும். அது நிஜம், நானே பாடிப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் சாதகம் பண்ணச் சொன்னேன். அது எல்லா சிஷ்யர்களுக்கும் சொல்வதுதான்.

ஸ்ரீரங்கன் தானாகவே வந்து உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, என் பெண்ணை நான்தான் கொன்றேன் என்று கதறுகிறானாம். நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. வேறொருவன் செய்த வேலையைத் தன்னுடையது என்று விற்பது அவனுக்கு வழக்கம். இந்த ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஊரில் எல்லோரும், பெண்ணைப் பெற்றவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று பேசுகிறார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். அவன் சொன்னான், ஸார்.

மழை பிடித்துக்கொண்டதும் அவனால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை ஆபீசுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போய், பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் காலில் விழுந்தானாம். அந்த அறைக்குள் போகாதே, இன்றைக்கே இந்த வீட்டைவிட்டு வந்துவிடு என்றானாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தாள். விசாலாக்ஷி கோவிலுக்குப் போயிருந்தாள். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா என்னென்னவோ சொல்றார் மாமா" என்றாள். "சொவர் விழுந்துடும்ங்கறார். பெருமாள் படத்துக்குப் பின்னால பொளந்திருக்காம். அவர்தான் உங்களை ஏமாத்திட்டாராம். எனக்கு ஒண்ணும் புரியல்லை. படத்தை எடுத்துப் பார்க்கவும் பயமா இருக்கு. நெஜமா?"

"உங்க ஆத்துக்காரர்கிட்ட சொன்னியோ?"

"இல்லை. சொன்னா அப்பாவை இன்னும் கேவலமாப் பேசுவார். உங்களைக் கேட்டுண்டு சொல்லலாம்னு வந்தேன். நீங்க அங்கே இருந்தேளே. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

அவளைப் பார்த்தேன். முகத்தில் தகப்பன் சாயலே கிடையாது. அதுவரை அதை நான் கவனித்ததில்லை. மழைச் சத்தத்திலும் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இப்போது சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் சொன்னால் அவள் தகப்பன் வீட்டுக்குப் போவாள், அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுவான், எல்லாம் சரியாகிவிடும். நான் பழைய பின்கட்டில் இருப்பேன்.

"உங்கப்பாவுக்கு வயசாயிடுத்து, வசந்தி" என்றேன். "உன்னைத் திரும்ப ஆத்துக்கு அழைச்சுக்கணும்னு ஏதோ சொல்றார். நான் அந்தச் சொவத்துல சாஞ்சுண்டுதான் பாடினேன். எனக்கு என்ன ஆச்சு? தைரியமாப் போய் உக்காந்து பாடு. படத்தை எடுக்காதே. சாமி படத்தைச் சந்தேகப்பட்டு எடுக்கப்படாது."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படித் தெளிந்ததை நான் முன்பு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றாள். போகும்போது, "சேவிச்சுக்கறேன்" என்று ஈரப் புடவையோடு தரையில் விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். தீர்க்க சுமங்கலியாக இரு என்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். மனசாரத்தான் பண்ணினேன்.

மறுநாள் விடியற்காலை சுவர் விழுந்தது. கிச்சா வாசல் அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒரு கீறல் இல்லை. நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாகத்தான் அவளை எடுத்துப் போனார்கள். என் வாக்கு பொய்க்கவில்லை, ஸார். எழுதிக்கொள்ளுங்கள்.