பல்பு செவந்தா

அந்த பல்பை அணைக்காதேம்மா. பகல்தான், தெரியுது, என் கண்ணு இன்னும் அவிஞ்சு போகல. அது எரியட்டும். பழங்காலத்து குண்டு பல்புதான், இப்ப யாரும் வச்சுக்கிறதில்ல. ஏன்னு அப்புறம் கேளு. இப்பிடி உக்காரு, அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். நாலு மாடி ஏறி வந்திருக்கே, மூச்சு வாங்குது பாரு. லபேயே குடி. எங்க பர்மா டீதான், பாலு தூக்கலா இருக்கும். இந்தப் பசுந்தாங் பேட்டையில இதைவிட நல்ல லபேயே கெடைக்காது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், கேரேஜ். எங்க பாட்டை கேரேஜ் ராக்குன்னு சொன்னே பாரு, த்தூ, அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. எங்கப்பா ரயில்வேயில கரி அள்ளினவரும்மா. காரு இல்லாத வீட்டுல ஏது கேரேஜ்? மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில ரயில்வே லைன் வீடு. பின்னாடி ஒரு தகரக் கொட்டாய், சிலீப்பர் கட்டை அடுக்கி வைக்கிற எடம். அதுல பாடினோம். அதான் எங்க பேண்டு பேரு லோகோ ஷெட் பாய்ஸ். நீ மெட்ராஸ்லேருந்து பிளேன் ஏறி வந்து, வெளிநாட்டுக் கம்பெனி எங்க பாட்டை இசைத்தட்டா போடப் போகுதுங்குறே. முன்னோடிங்குறே. எதுக்கும்மா முன்னோடி?

பாட்டு வேகத்தை வேணும்னே கூட்டினீங்களான்னா? இரு, வர்றேன். எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க.

நாலு பேரும்மா நாங்க. கிதாரு நானு. உதயசூரியன்னு எழுது. ஊ நே லின்னு எழுதாதே, அது அடையாளக் கார்டுக்கு வச்ச பர்மாப் பேரு. டிரம்மு அய்யூப். தார் பீப்பாயை அறுத்து ஆட்டுத் தோலு கட்டி அடிச்சான், பாவம், நல்ல பய, செத்துட்டான். பேஸு பிரேம்நாத். பாடினது என் தம்பி செல்லக்கண்ணு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். கிதாரே நான் செஞ்சதுதான். தேக்குப் பலகை, டெலிபோன் ரிசீவர்ல இருந்து பிடுங்கின காந்தம். ரேடியோ ரிப்பேருதானே நம்ம பொழப்பு. மாரியம்மன் கோயில் திருவிழாவுல பாடினோம், கல்லெறிஞ்சாங்க. ரயில்வே கிளப்புல பாடினோம், கல்லு மட்டும் எறியல. அவ்வளவுதாம்மா எங்க சரித்திரம். முழுசா ரெண்டு வருசம். பதிவு பண்ணது ஒரே ஒரு பாட்டு, அதோட காப்பிதான் கை மாறிக் கை மாறி ஒங்ககிட்ட வந்திருக்கு.

பிரேம்நாத் பேட்டியப் படிச்சேன்னு சொல்றே. படிச்சிருப்பே. சிட்னியில உக்காந்துக்கிட்டு அளக்குறான். டேப்பை வேகமா ஓட்டுற தந்திரத்தை இந்தப் பக்கத்துலயே நாங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சோமாம். புரட்சியாம். வெக்கங்கெட்ட பய! பாட்டைப் பிடிச்ச அன்னிக்கு அவன் அங்க இல்லவே இல்லம்மா. பல்லுவலின்னு வீட்டுல கன்னத்துக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு கெடந்தான். அதை எழுதேன் பாப்போம். எழுத மாட்டீங்க.

போன வருசம் இங்கயே ஒரு கூத்து நடந்துச்சு. நம்ம ரேவதி, என் மவதான், ஒரு ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்பா, ஒங்களுக்கு மரியாதை செய்றாங்கன்னு. பர்மாப் புள்ளைங்க, தலையெல்லாம் நீலச் சாயம். எனக்குத் துண்டு போர்த்தி முன்னாடி உக்கார வச்சாங்க. அப்புறம் அந்தப் பாட்டைப் பாடுறானுங்க பாரு, கீச்சு கீச்சுன்னு மூஞ்சூறு மாதிரி! குதிக்கிறான், உருளுறான். நூறு பேரு கையத் தட்டுறான். கப்பலேறிப் போறவன் பாடுற பாட்டும்மா அது. அழுதுக்கிட்டே பாடுறது. அதுக்கு ஆடுறானுங்க. எனக்கு அங்கயே வாந்தி வந்துருச்சு. ரேவதி சமோசா ஒத்துக்கலன்னு நெனச்சுக்கிட்டா.

ஆமா, மெதுவான பாட்டுதான். தாலாட்டைவிட மெதுவு. தம்பிக்கு கட்டைக் குரலு, அடியில கனமா இருக்கும், பேசினா நெஞ்சுலயே அதிரும். நீங்க கேக்குறது அவன் குரலே இல்ல. ஒரு பொம்பளப் புள்ள பாடின மாதிரி இருக்குன்னு எவனோ எழுதியிருந்தானாமே. அடச்சீ.

எப்பிடி ஆச்சுன்னு சொல்றேன், எழுதிக்க. அப்ப எங்ககிட்ட இருந்த டேப் மிசினு, இந்தா இதேதான், நல்லாத் தொட்டுப் பாரு. இது மோட்டாரு கரண்டு கொறைஞ்சா மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்துறப்போ பிடிச்சதை, நல்ல கரண்டுல போட்டா வேகமா ஓடும். குரலு கீச்சுன்னு மேல போயிரும். அவ்வளவுதான் ஒங்க புரட்சி. இந்த ஊருல சாயங்காலம் ஆனா எல்லா வீட்டுலயும் வெளக்கப் போட்டுருவாங்க, கரண்டு சோந்து போயிரும். அதனால நாங்க ஒரு வழக்கம் வச்சிருந்தோம். மிசினுக்குப் பக்கத்துலயே ஒரு நாப்பது வாட் பல்பு தொங்கும். பல்பு வெள்ளையா எரிஞ்சாத்தான் பட்டனை அமுக்கணும். செவந்தா தொடக்கூடாது. அய்யூப் டிரம்மை விட அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்.

அன்னிக்கு பல்பு எப்பிடி இருந்துச்சா? ஆரஞ்சுப் பழம் மாதிரி.

எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கிட்ட காலம் அது. குடியுரிமைப் பேப்பரு இல்லாதவங்களை கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்புனாங்க. ஊருன்னா ஒங்க ஊரு, எங்கப்பா கண்ணால பாக்காத ஊரு. அப்பா அம்மா போறதுன்னு முடிவாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் பேப்பரு இருந்துச்சு, நாங்க இங்கயே இருக்கிறதுன்னு பேச்சு. பேண்டு இருக்கே, விட்டுட்டுப் போக முடியுமா? தம்பி என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான், நான் போகமாட்டேண்ணேன்னு. கப்பலுக்கு மொத நாள் காலையில அய்யூப் வந்து சொல்றான், லிஸ்டுல செல்லக்கண்ணு பேரும் இருக்குன்னு. பத்து நாளா இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாட்டை மட்டும் எழுதி வச்சிருந்தான்.

கப்பலு வந்திருச்சு அண்ணே, கையத்தான் தூக்க முடியல. அதான் மொத வரி. நீ காட்டின தட்டு அட்டையில ஏதோ டான்ஸ் பாட்டுன்னு போட்டிருக்கீங்க.

கம்ப்யூட்டர்ல மெதுவாக்கிரலாங்குறியா? செஞ்சுட்டாங்கம்மா. ஒங்க கம்பெனி வெள்ளக்காரன் செஞ்சு அனுப்பிச்சான். கேட்டேன். எவனோ ஒருத்தன் தண்ணிக்குள்ள இருந்து பேசுறான். கரண்டு ஒரே மாதிரியா எறங்குச்சு? ரெண்டாவது வரியில கொறைஞ்சுது, நாலாவது வரியில கூடுச்சு, பக்கத்து வீட்டுக்காரி எப்ப கரண்டு அடுப்பை அணைச்சான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

டேப்பைக் கேக்குறே. ஒரிஜினல் டேப்பு. அதுக்குத்தான் வந்திருக்கேன்னு நீ படியேறும்போதே தெரியும். போட்டோ எடுத்துட்டுப் போ, அந்தக் கிதாரைக்கூட எடுத்துட்டுப் போ. டேப்பு தரமாட்டேன். கோவிச்சுக்காதே. கொண்டு போயி என்ன செய்வே? ஒங்க ஊருல கரண்டு நல்லா இருக்கும்மா.

சிரிக்காதே, சொல்றதைக் கேளு. கரண்டு சோந்தப்போ பிடிச்சது, கரண்டு சோந்து கெடக்குறப்போ போட்டா? அதேதான். சரியா ஓடும். இந்த ஊருல எல்லாரும் கரண்டைத் திட்டுவாங்க. மீ லா பீ, கரண்டு வந்துருச்சுன்னு தெருவே கத்தும். நான் மட்டும் வந்த கரண்டு எப்படா மங்கும்னு பல்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ரேவதி ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினா. மிசினு வயரைப் பிடுங்கி நேரா செவத்துல சொருகிட்டேன். கெழவனுக்குக் கிறுக்குன்னு நெனைக்கிறா, நெனைக்கட்டும். எப்பவும் சரியா வராதும்மா. சில நாளு குண்டன் மாதிரி இருக்கும், சில நாளு சின்னப் பய மாதிரி. நடுவுல ரெண்டு வரி, அப்பிடியே அவனா வந்து நிப்பான். அந்த ரெண்டு வரிக்குத்தான்.

வேணும்னே செஞ்சீங்களான்னு கேட்டியே.

அன்னிக்கு சாயங்காலம் தம்பி சொன்னான். அண்ணே, பல்பு செவந்திருக்கு, கப்பலு பத்து மணிக்குத்தான், விடியக்காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பிடிப்போம், அப்ப நல்லா எரியும்னான். அய்யூப்பும் சொன்னான். பாடுறா, பெரிய பாட்டு, சனியன் இதோட தொலையட்டும்னு பட்டனை அமுக்கினேன். எப்பிடி வரும்னு தெரிஞ்சேதான். கீச்சுன்னு வரட்டும், நாய்க்கு அதுதான் சரின்னு. அவனும் பாடினான். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாடினான். மறுநாளு நான் கப்பல்துறைக்குப் போகல.

ஆமாம்மா, வேணும்னேதான் செஞ்சேன். எழுதிக்க.

திருச்சி பக்கம் பர்மா காலனியில இருந்தான். செத்து பதினோரு வருசம் ஆச்சு. ஒவ்வொரு காயிதத்துலயும் கேப்பான், அண்ணே, பாட்டு எப்பிடி வந்திருக்குன்னு. நல்லா வந்திருக்குடான்னு எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதினேன். ஒங்க தட்டெல்லாம் வர்றதுக்கு முந்தியே போயிட்டான், நல்லவேளை.

அழாதே, எதுக்கு அழுவுறே? லபேயே ஆறிப் போச்சு பாரு.

இரு. பேசாதே. பல்பைப் பாரு. கீழ்த்தளத்துக்காரன் மோட்டாரு போட்டுட்டான் போல. ஒன் போனை அணை, இதைப் பிடிக்கக் கூடாது, சொல்லிட்டேன். இன்னும் கொஞ்சம் செவக்கணும். இன்னும் கொஞ்சம்... ம், இப்ப.

கேளு. அண்ணேங்குறான் பாரு.