ஏறாத இலக்கம்

மாலை ஐந்தரை மணி. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக்கும் மேலே, ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதை. மூடுபனி வேறு… பவாஸ், அந்த டோர்ச்சை அணைத்துவிடு. கரண்ட் வரும்போது வரட்டும்.

இது என்னோடு வேலை செய்கிற திரேசாவின் தம்பிக்கு நடந்தது. லவன் என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. காற்றில் மிதக்கிற தூசியை எண்ணுவதுதான் அவன் உத்தியோகம். சிரிக்காதே, அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள். மலையுச்சியில் சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய குழாய் காற்றை உறிஞ்சும், உள்ளே மெஷின் இலக்கம் காட்டும். மழை கழுவிய சுத்தமான காற்று என்றால் இருநூறு, முந்நூறு. கடல் தாண்டி வடக்கிலிருந்து அழுக்குக் காற்று வந்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

அவனுக்கு வான் வண்டி ஓட்டுகிறவன் பிரதீஸ். கண்டிப் பையன், பொல்லாத குறும்பு. சிகரெட்டை இழுத்துக் குழாய் வாயில் ஒரு ஊது ஊதுவான். இலக்கம் முப்பதாயிரத்துக்குப் பாயும். அன்றைய கணக்கெல்லாம் பாழ். லவன் கத்துவான், இவன் சிரிப்பான். இரண்டு பேருக்கும் அப்படியொரு ஒட்டுதல்.

அன்றைக்கு ஜெனரேட்டருக்குப் பெற்றோல் வாங்க வானில் கீழே போன பிரதீஸ், நடந்து திரும்பி வந்தான். பனிக்குள் சிகரெட் நெருப்புத்தான் முதலில் தெரிந்தது…

"வான் எங்கயடா?"

"வளைவுல நிக்குது மச்சான்."

குரல் கம்மியிருந்தது. வந்தவன் பழக்கதோஷத்தில் குழாய் வாயில் ஊதினான். அறைக்குள் குப்பென்று புகை நெடி. லவன் திட்டுவதற்கு வாயெடுத்தான்.

இலக்கம் ஏறவில்லை. இருநூற்றுப் பத்து.

பிரதீஸ் இன்னொரு முறை ஊதினான். இருநூற்றுப் பத்து. லவனுக்குக் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது… மெஷினுக்கோ அங்கே புகையே இல்லை. பிரதீஸின் சிரிப்பு மெல்ல நின்றது.

"மெஷினு பழுதுன்னு சொல்லேன் மச்சான்."

அப்படிச் சொல்லத்தானே லவனும் துடித்தான். மேசையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்தான். ஜன்னல் வழியே கையை நீட்டினான். குழாயருகே ஒரு குச்சியை உரசினான். ஏறக்கூடாது, இது பழுதாகவே இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடினான்.

ஏறியது. முப்பதாயிரம்… நாற்பதாயிரம்…

மெஷினில் ஒரு பழுதும் இல்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குச்சி எரிந்து லவனின் விரலைச் சுட்டது.

"துஷானிக்கு இது எட்டாம் மாசம்," என்றான் பிரதீஸ். "என் பொஞ்சாதிகிட்ட நான் எப்பிடி சொல்ல? நீ சொல்லிரு மச்சான்."

திரும்பிப் பனிக்குள் நடந்தான். சரளைப் பாதை… ஆனால் செருப்புச் சத்தமே இல்லை.

லவன் பின்னால் ஓடினான். வளைவில் பாதையோரத் தடுப்புக் கட்டு உடைந்து கிடந்தது. பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தது. கீழே, பள்ளத்தில், வானின் ஒற்றை விளக்கு மேலே பார்த்து எரிந்துகொண்டிருந்தது. "பிரதீஸ்… டேய் பிரதீஸ்…" பிள்ளை அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

அப்போது ஃபோன் அடித்தது. துஷானி. கண்டி வீட்டிலிருந்து. அங்கிருந்து மலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

"லவன் அண்ணா, இவரு வாசல்ல வந்து நிக்கிறாரு. எவ்ளோ கூப்பிட்டும் உள்ள வரமாட்டேங்கிறாரு. நீங்க என்கிட்ட என்னமோ சொல்லணுமாமே… என்னா அது?"

லவன் ஃபோனைக் காதோடு அழுத்தினான். அவளுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில்… யாரோ நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.