அட்டையில் ஓட்டை போடும் வேலை

மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்த ஆண்டு, தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை பஸ், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று சோதிக்கும் போலீஸ் தடுப்பில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அட்டையில ஓட்டை போடறதுக்கா அந்தக் கம்பெனியில சம்பளம் குடுக்குறான்? எலிக்குக் குடுக்கலாம்லா அந்த வேலைய.”

“எங்க ஓட்டை போடணும்னு எலிக்குத் தெரியாது அத்தே. நான் போடுற ஓட்டையப் பாத்துத்தான் மெஷின் கணக்குப் போடும்.”

“இன்னிக்கு இன்டர்வியூவுல எடுக்கலன்னா நாளைக்கு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போகணும். உங்கப்பா அங்க ஆள் எடுக்கிற மண்டோர்கிட்ட சொல்லி வச்சிட்டாரு.”

“எடுப்பாங்க.”

மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறினார். அவளுடைய அடையாளக் கார்டைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டார். வேலைக்கு என்று மலாயில் பதில் சொன்னாள்.

அவர் நகர்ந்ததும் அத்தை அவள் தொடையைக் கிள்ளினாள். “வேலையே இன்னும் கெடைக்கல. போலீஸ்காரன்கிட்டயே பொய் சொல்றியா?”

“நாளையிலருந்து தினமும் இதே பஸ்ல என்னைப் பாக்கப் போறவரு அத்தே. இப்பவே பழகட்டும்.”