அழித்ததற்கு ஒரு நன்றி

டெல்லியில் துவாரகா போகும் மெட்ரோவில் எதிரே நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "நான் கோடிங்கை அழிச்சதுக்கு ஒருத்தர் போன் பண்ணி அழுதாருடி."

"ஏன், ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இல்லடி. எங்க ரத்ததான சைட் கோடிங் பாரத்துல பழைய போன்ல திறக்காம இருந்துச்சு. பிரவுசரைத் தானா ஓடவிட்டு, எல்லா பட்டனையும் அழுத்தவெச்சு, ஜாவாஸ்கிரிப்ட் கோடிங்ல எது எது நிஜமா ஓடுதுன்னு பார்த்தேன். பாதிக்கு மேல ஓடவே இல்ல, சும்மா கெடந்துச்சு. அதைத் தூக்கிட்டேன்."

"அச்சா, அப்புறம்?"

"அவர் மனைவிக்குப் பிரசவத்துல ரத்தம் தேவைப்பட்டிருக்கு. அவரோட பழைய போன்ல சைட் சட்டுனு திறந்து, ரத்தம் கொடுக்க ஆள் கிடைச்சுட்டாராம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"போன்ல அவர் பக்கத்துல அந்தக் குழந்தை அழுதுச்சு. அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."