முதல் வரிசைக்கு ஒரு வழக்கு

உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. போன வருடம் உங்கள் புத்தகத்துக்காகக் கூப்பிட்டவர் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசியது மாதிரி இருந்தது. அவர் கேட்டதில் பாதி எனக்குப் புரியவில்லை, நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. என்னை மறுபடியும் மூன்றாம் வரிசையில் போட்டதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டேன். ஜூனியர்களை நூலகத்துக்கு அனுப்பியாயிற்று. ரகசியம் என்று நான் சொல்லும் வழக்குகளை அச்சிட மாட்டீர்கள், ஆனால் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னீர்கள். நல்ல ஏற்பாடு. இப்போது சொல்லப்போவதை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் முன்னணி அறிவுசார் சொத்து வழக்கறிஞர்கள் யார் யார் என்று வருடாவருடம் வரிசை கட்டுகிற உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். போலீஸ்காரரிடம் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்?

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்கா கணவர். அவருக்கும் இதே தொழில்தான். உங்கள் முதல் வரிசையில் பட்டா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். மாமியார் வீட்டுக்கு யாராவது வந்தால் மாமியார் எங்களை அறிமுகப்படுத்துவார். "இவர் பெரிய மாப்பிள்ளை. வக்கீலுங்க புத்தகத்துல முதல் பேரே இவருதுதான். இது சின்ன மாப்பிள்ளை." பிறகு கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, "இவரும் வக்கீல்தான்" என்பார். அந்த யோசனை இருக்கிறதே, அதைத்தான் இத்தனை வருடமாக என்னால் தாங்க முடியவில்லை.

போன வருடம் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். 'அனுபவசாலி. வளர்ந்து வருகிறார். கட்சிக்காரர்களின் நம்பிக்கையைப் பெறுவதில் கூடுதல் கவனம் தேவை.' எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இதற்கு மேல் என்ன வளர்வது, தொப்பைதான் வளர்கிறது. அந்த இரண்டு வரியையும் சகலை சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தார். கிண்டலாகப் படித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அனுதாபத்தோடு படித்தார்.

இனி வழக்குக்கு வருகிறேன். என் கட்சிக்காரரை அலுவலகத்தில் குக்கர்காரர் என்றுதான் சொல்வோம். பிரஷர் குக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அவரை எடுத்து வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. கழுத்தில் துளை போட்டு, அதில் குழாய் செருகி, மெஷின் வழியாக மூச்சு. குழாய் நழுவினால் அவரால் கத்த முடியாது. குக்கரில் ஆவி கூடினால் விசில் அடிக்கும், இல்லையா? தம்பி அதைத் திருப்பிப் போட்டார். குழாயில் மூச்சு குறைந்தால் விசில் அடிக்கிற மாதிரி கட்டைவிரல் அளவில் ஒரு கருவி செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான்.

பிறகு அந்த அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஒருநாள் பார்க்கப் போனால், கட்டிலில் அவருடைய கருவியே மாட்டியிருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று அப்படியே காப்பியடித்து, அரசாங்க முத்திரை வாங்கி, ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது. குக்கர்காரர் என்னிடம் வந்தார். கொதித்துப்போய் வருவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் சார் பண்ணியிருக்காங்க. என்னுதை விட சத்தம் ஜாஸ்தி. அக்கா இப்பதான் பயமில்லாம தூங்குது. ஓரத்துல என் பேரை மட்டும் போடச் சொல்ல முடியுமா?"

பேர் போடச் சொல்வதற்கு ஒரு முன்னணி வழக்கறிஞர் எதற்கு? அவர் எவ்வளவு பெரிய அநியாயத்துக்கு ஆளாகியிருக்கிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கடைசியில், பாவம், எனக்காகக் கொஞ்சம் கோபப்பட்டார். அது போதுமாக இருந்தது. வழக்குப் போட்டேன். கம்பெனிக்கு ஆஜரானவர் என் சகலை.

விசாரணைக்குச் சில நாள் முன்னால் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். சகலை துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, கம்பெனி இறங்கி வருது. அவர்கிட்டயே உரிமம் வாங்கிக்கிறாங்களாம். மெஷின் மேல அவர் பேரையும் போட்டுடறாங்களாம். விஷயம் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

கட்சிக்காரர் கேட்டது அப்படியே தட்டில் வைத்து வந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வெளியே சொல்லக் கூடாத சமரசத்துக்கு உங்கள் புத்தகத்தில் என்ன மதிப்பு? 'ஒரு விவகாரத்தைச் சுமுகமாக முடித்தார்' என்று ஒரு வரி. அதற்கு மூன்றாம் வரிசையே அதிகம். "அவர் ஒத்துக்க மாட்டார் அண்ணா, பயங்கர ரோஷக்காரர்" என்றேன்.

குக்கர்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உடனே சரி என்றுதான் சொல்வார். தெரிந்த பதிலுக்காக ஒருவரைக் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்வது நியாயமில்லை.

விசாரணை நன்றாகவே போனது. சகலை நாக்குக் குழறி நான் பார்த்ததே இல்லை, அன்று பார்த்தேன். கம்பெனி அந்தக் கருவியைச் செய்யவும் விற்கவும் தடை விதிக்க நீதிபதி தயாராகிவிட்டார். ஒரே ஒரு தயக்கம் அவருக்கு. ஏற்கெனவே நோயாளிகளுக்குப் பொருத்தியிருப்பதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். சகலை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

விதிவிலக்கோடு கிடைக்கும் தடையைப் பகுதித் தடை என்பீர்கள். அப்படி ஒரு பகுதித் தடைக்குத்தான் சென்ற வருடம் என் சகலைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். அவர் வாங்கியதையே நானும் வாங்குவதற்கு இத்தனை பாடுபட வேண்டுமா? "விதிவிலக்கு அவசியமில்லை ஐயா. கழற்றுகிற ஒவ்வொரு கருவிக்கும் பதிலாக என் கட்சிக்காரரே ஒன்று பொருத்திக் கொடுப்பார்" என்றேன். தொழிற்சாலை பெரியதா என்று நீதிபதி கேட்டார். வளர்ந்து வருகிறது என்றேன். என்னைப் பற்றி நீங்கள் எழுதிய வார்த்தைதான்.

அவரிடம் இருப்பது ஒரு பலகை, ஒரு ஸ்டூல், சுவரில் மாட்டிய ரப்பர் வளையங்கள். அதிலும் அவர் கையால் செய்கிற கருவிக்கு முத்திரை கிடையாது, எந்த இல்லத்திலும் ஏற்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதனால்தான் அன்று அவரை நீதிமன்றத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் வெகுளி. நீதிபதி கேட்டிருந்தால் பொட்டென்று உண்மையைச் சொல்லிவிடுவார்.

கிடைத்தது முழுத் தடை. இந்தத் துறையில் விதிவிலக்கே இல்லாமல் ஒருவர் வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் பத்திரிகையில் பேர் வந்தது. மாமியார் வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். "இவர்தான் என் சின்ன மாப்பிள்ளை, பெரிய வக்கீல்" என்றார் மாமியார். யோசிக்கவே இல்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வாரமே குக்கர்காரரின் அக்கா தவறிவிட்டார். மதியம், இல்லத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். குழாய் நழுவியிருக்கிறது. கருவியைத்தான் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களே, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டதே? எழுதுங்கள். முக்கியமான இடத்துக்கு நான் இன்னும் வரவேயில்லை.

கட்சிக்காரர்களின் நம்பிக்கையைப் பெறுவதில் கவனம் தேவை என்று எழுதினீர்கள் அல்லவா? கருவியைக் கழற்ற ஆள் வந்த அன்று குக்கர்காரர் இல்லத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். நான் உங்களுக்கு அனுப்புவதற்காக இந்த வெற்றியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், அக்கா மெஷின்ல இருந்து கழட்டப் போறாங்க. நான் செஞ்சதை மாட்டினேன், முத்திரை இல்லைன்னு நர்ஸம்மா எடுத்துக் கையில குடுத்துட்டாங்க. வந்த ஆளு சொல்றாரு, உரிமை என்னுதுதானாம். நானே இருக்கட்டும்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவாராம். சொல்லிடட்டுமா சார்?"

வந்த ஆள் சொன்னது சரியான சட்டம். காப்புரிமை குக்கர்காரருடையது. இருக்கட்டும் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீதிமன்றம்கூடத் தேவையில்லை. ஆனால் ஒன்றை விட்டால், அடுத்த கட்டிலுக்கும் கேட்பார்கள், அடுத்த இல்லத்துக்கும் கேட்பார்கள். அந்த மனிதர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சாயங்காலத்துக்குள் என் முழுத் தடை பல்லிளித்திருக்கும். உங்களுக்கு அனுப்பும் கடைசித் தேதி வேறு நெருங்கிவிட்டது.

"வாயைத் திறக்காதீங்க. நீங்க அனுமதி குடுத்தா கோர்ட்டை அவமதிச்ச மாதிரி. உங்களையே உள்ள போட்டுடுவாங்க. அப்புறம் அக்காவை யார் பார்ப்பா?" என்றேன்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல சார்?"

"நர்ஸ் இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்று கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அனுமதி கொடுத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அது நான் தெரிந்தே சொன்ன பொய். அந்த அம்மா போய்ச் சேர்ந்தது அந்தப் பொய்யால்தான், வேறு யார் மேலும் நான் பழி போடவில்லை. ஆனால் தொழில் ரீதியாகப் பாருங்கள். தன்னை வளர்த்த அக்காவின் மூச்சு விஷயத்தில்கூட, ஒரு மனிதர் தன் வக்கீல் சொன்னதைத் தட்டவில்லை. இந்த அளவு நம்பிக்கையை என் சகலை எந்தக் கட்சிக்காரரிடம் வாங்கியிருக்கிறார்? கேட்டுச் சொல்லுங்கள்.

போன வாரம் இதை என் மனைவியிடமும் இப்படித்தான் நிதானமாக விளக்கினேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் வரிசைக்காரர் வீடு, வசதியாக இருப்பாள். புத்தகம் வெளிவந்ததும் திரும்பிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி விசாரிக்க ஒரு கட்சிக்காரரின் எண் கேட்டீர்கள். குக்கர்காரருடையதையே கொடுக்கிறேன். கட்சிக்காரர்கள் போனை எடுப்பதில்லை என்பது உங்களுக்கு எப்போதும் இருக்கும் குறை. இவர் முதல் மணியிலேயே எடுப்பார். இல்லத்திலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று போனைச் சட்டைப் பையிலேயே வைத்துப் பழகிவிட்டார், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என்னைப் பற்றிக் கேளுங்கள், நல்லதாகத்தான் சொல்வார். கடைசிவரை சார் கூடவே நின்றார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் இப்போது சொன்னது மட்டும் அவர் காதுக்குப் போக வேண்டாம். அவர் என்னை முழுசாக நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ய மாட்டேன்.