எழுபது ஆம்பியர் வயர்

ஆல்டர்னேட்டர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை ஐயா. நிதானம் வேண்டும், அவ்வளவுதான். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்க வேண்டும், பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். பாதிப் பேர் அவசரத்தில் அதை மறந்துவிட்டு, ஸ்பேனரில் பொறி பறந்ததும் திருதிருவென்று முழிப்பார்கள். முப்பத்தொரு வருடமாக வண்டி எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். என் ஸ்பேனரில் ஒரு நாளும் பொறி பறந்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையில் ‘சரியாக முறுக்கப்படாத இணைப்பினால் தீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதையும் அரைகுறையாக முறுக்கி விட்டவன் இல்லை. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வண்டி என் தங்கை புருஷனுடையது. அவர் கேக் செய்பவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, கிரீம் உருகாமலிருக்கப் பின்பக்கம் குளிர்பெட்டி வைத்திருந்தார். பெட்டி ஓடினால் ஹெட்லைட் மங்கும்; ஹெட்லைட்டைப் போட்டால் பேட்டரி இறங்கும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது ஆல்டர்னேட்டர்தான்; வண்டியோடு வந்தது எழுபது ஆம்பியர். பாவம், அதனால் அவ்வளவுதான் முடியும். “மச்சான், உங்க தங்கச்சிகூட என்கிட்ட இவ்வளவு கோவிச்சுக்கிட்டதில்ல, இந்த வண்டி தினமும் கோவிச்சுக்குது” என்பார். நூற்றைம்பது ஆம்பியர் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

தங்கைக்கு வீட்டில் பாப்பா என்றே பெயர். முப்பத்து நாலு வயதிலும் பாப்பாதான். அவளுக்கு எட்டு வயதில் அம்மா தவறிப்போனார். அப்பா அதற்கும் முன்பே. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் நான். என் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டேன். பிறகு பேச்சு வருவது நின்றுவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது மாடியைக் கட்டி அங்கேயே குடிவைத்தேன். காலையில் அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

புது ஆல்டர்னேட்டர் வந்து சேர்ந்த வியாழக்கிழமை, சாப்பிடும்போது மாப்பிள்ளை விஷயத்தை அவிழ்த்தார். நாலு மணி நேரப் பயணத்தில் பெரிய ஊர். அங்கே கடையும் வீடும் பார்த்தாயிற்று. புதன்கிழமை அவர் வண்டியில் முன்னால் போவார்; பாப்பா சனிக்கிழமை சாமான்களோடு பஸ்ஸில் கிளம்புவாள். பாப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு, நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். கீழ்ப் போல்ட் துருவேறி அடம்பிடித்தது. எண்ணெய் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், வழிக்கு வந்தது. புதியது கொஞ்சம் உடம்பு பெருத்தது. பழைய இடத்தில் உட்கார இரண்டு வாஷர் கேட்டது. பெல்ட்டையும் மாற்றினேன்.

இதில் ஒரு முறை இருக்கிறது. ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கினால், அதிலிருந்து பேட்டரிக்குப் போகிற வயரையும் தடிமனாக்க வேண்டும். பழைய வயரில் புது ஆல்டர்னேட்டர் ஓடினால் வயர் கொதிக்கும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துவிடுகிற சங்கதி. தடித்த வயரை வாங்கியும் வைத்திருந்தேன். என் அலமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காத சுருளாக இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வயரையே விட்டேன். மேலே புதுக் கறுப்பு உறை மாட்டியதும் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. இரண்டு முனைகளையும் இறுக்கமாக முறுக்கினேன். நடுவில், கரண்ட் மிஞ்சினால் உருகி அறுந்து வண்டியைக் காப்பாற்றுகிற ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பித்தளைத் தகடு. ஸ்டார்ட் செய்து மீட்டர் வைத்தேன். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட். சுத்தமான வேலை.

வண்டி வழியில் புகைந்து நிற்கும், மாப்பிள்ளை பயந்து திரும்புவார், அந்த ஊர்ப் பேச்சு அத்தோடு முடியும், அதுதான் என் நினைப்பு என்று உங்களிடம் சொல்லலாமென்று இருந்தேன். ஆனால் புகை மட்டும் போதுமென்றால் ஃபியூஸ் இருந்திருக்கும். நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

புதன்கிழமை காலை பாப்பா கைப்பையோடு இறங்கி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் முதல் ஆர்டர் கேக் இருக்கிறது, இவரைத் தனியாக விட்டால் குலுக்கியே கூழாக்கிவிடுவார், கூடப் போய்க் கொடுத்துவிட்டு நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வண்டி நல்லாத்தானே இருக்கு அண்ணா?”

“நல்லா இருக்கு.”

“அப்புறம் ஏன் நாலஞ்சு நாளா உம்முனு இருக்க? சனிக்கிழம சொல்லிக்கலாம்னு இருந்தேன், மூஞ்சியப் பாத்தா இப்பவே சொல்லிடலாம்னு தோணுது. அங்க உனக்கும் ஒரு ரூம் பாத்தாச்சு. கீழயே ஷெட் போட்டுக்கலாம். உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்னா நெனச்ச?”

“இவர விட்டா ஓசியில ரிப்பேர் பாக்க நமக்கு யாரு இருக்கா?” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், நிறுத்தியிருப்பார். வயரை மாற்ற அரை மணி நேரம். ஏதோ விட்டுப்போயிற்று என்று ஒரு பொய் சொல்லலாம்தான். ஆனால் பானெட்டைத் தூக்கினால் பாப்பா இறங்கி வந்து பக்கத்தில் நிற்பாள். எட்டு வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். என் ஷெட்டில் வளர்ந்தவள். ஃபியூஸ் எங்கே இருக்கும், அங்கே தகடு வைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். தகட்டைப் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தேன். கேட்டை அகலத் திறந்துவிட்டேன்.

மலை ஏற்றத்தில் குளிர்பெட்டி, ஏசி, மூடுபனிக்குப் போட்ட லைட் மூன்றும் ஓடியிருக்கின்றன. புகை வந்ததும் மாப்பிள்ளை பானெட்டைத் திறக்க இறங்கினார். பாப்பா கேக்கை எடுக்கப் பின்பக்கம் ஏறினாள். மற்றதெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு இரண்டு கையிலும் கட்டு. ஆஸ்பத்திரியில் தினம் நான்தான் ஊட்டிவிடுகிறேன். ஏசியைப் போட்டு நான்தான் அவளைக் கொன்றேன் மச்சான் என்று நேற்றும் அழுதார். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெரிந்தேதான் செய்தேன். அவள் ஏறிய பிறகும் தெரிந்தேதான் அனுப்பினேன். முன்பே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் காதில் விழுகிற இடத்தில் இருந்தவரை சொல்ல முடியவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசிவரை அவளுக்கு நான் நல்ல அண்ணன்தான். அந்த ஒன்றில் நான் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.