பெயருக்குக் கீழே நாலு வரி

இயந்திர அறையில் வைத்திருக்கும் குளிர் மனிதர்களுக்காக அல்ல. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், ஸ்வெட்டர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று. காலையில் நீங்கள் அங்கே போய்விட்டு வந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டீர்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்பதால் முறையாகவே சொல்கிறேன். நான் இந்தப் பல்கலைக்கழகத்தின் கணினி மையக் கண்காணிப்பாளர். இங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய இயந்திரம்தான். கூடத்தில் வரிசையாகத் திரைகள் இருக்கின்றன. யாருடைய பெயரைத் தட்டினாலும் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று திரை சொல்லும். அதற்குக் கீழே அவரே எழுதிவைத்த நாலு வரி வரும். 'திங்கட்கிழமை வரை விடுப்பு', 'மாணவர்கள் பிற்பகலில் சந்திக்கலாம்', இந்த மாதிரித் தகவலுக்காக ஏற்பட்ட வசதி அது. என் பெயரைத் தட்டினால், 'அலுவலக நேரத்தில் அறையில் இருப்பேன்' என்று வரும். அதை மாற்றவேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை.

பிள்ளைகள் அதை வேடிக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள். 'ஆய்வேடு தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் வரை தூங்குகிறேன்.' 'என் வழிகாட்டி கேட்டால் நான் இறந்துவிட்டதாகச் சொல்லவும்.' அடுத்தவர் பெயரைத் தட்டிப் பார்ப்பது கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பது என் எண்ணம். அதனால் நான் படிப்பதில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் எனக்குக் கடைசியில் தெரியவந்தது அதனால்தான்.

அப்பா போனபோது தம்பி கைக்குழந்தை. தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் நான்தான் ஆளாக்கினேன். எனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அவன் நெஞ்சுக்குள் விசில் ஊதுவதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். இங்கே ஆய்வு மாணவனாகச் சேர்ந்ததும் மையத்திலேயே சனிக்கிழமை வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் கூடத்தில் ஒரு பெண் திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டிக்கப் போனேன். திரையில் தம்பியின் பெயர். கீழே, 'மேலிடம் இன்று சிரித்தது. வானிலை நிலையத்துக்குத் தகவல் தரப்பட்டுள்ளது.'

"யாரும்மா இந்த மேலிடம்?"

"அது... சும்மா ஒரு கேரக்டர் சார்."

பக்கத்தில் இருந்தவனுக்கு நிலவரம் புரியவில்லை. "காலையில இதைப் படிச்சிட்டுத்தான் சார் நாங்க டீயே குடிப்போம்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் தம்பியின் பெயரைத் தட்டினேன். 'சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னால், மேலிடத்தில் ஆளுக்கே போட்டுவிட்டார்கள்.' பேராசிரியர்கள்கூட என்னைப் பார்த்ததும் உதட்டை மடித்துக்கொள்வதன் காரணம் விளங்கியது. அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்போலவே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நேற்று, சனிக்கிழமை காலை, இப்படி இருந்தது: 'எங்கள் வீட்டில் வெளிநாடு மாடியில் இருக்கிறது. அக்கா அங்கேதான் வசிக்கிறாள். விசா மேலிடத்திடம்.'

தங்கையைக் கணவன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் வெளிநாட்டில் வேலையாக இருப்பதாக நாங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். மாடி அறையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு வேளாவேளைக்குப் போகும், கதவை நானே திறந்து நானே பூட்டுவேன். உங்கள் ஆட்கள் இன்று அவளைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். நான் சோறு போட்டு வளர்த்தவன் என் வீட்டு மாடியை ஊர் சிரிக்கத் திறந்துவிட்டான். மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்புவது, அரட்டை அடிப்பது ஆகிய வசதிகளை அவன் கணக்கில் அப்போதே நிறுத்தினேன். அந்த நாலு வரியை மட்டும் விட்டுவைத்தேன். மதியம் வேலைக்கு வந்தான். கேட்டேன்.

"சிரிப்புக்கு எழுதினதுண்ணா. யாரும் நிஜம்னு நினைக்கல."

"நிஜம்தானே?"

"அதைத்தாண்ணா நானும் சொல்றேன். நிஜத்தை எழுதினாக்கூட சிரிக்கிறாங்க. வேற எப்படித்தான் சொல்றது?"

இயந்திர அறைக்குள் யாரும் பை கொண்டுபோகக் கூடாது. தூசி சேரும். பையை என் மேசையில் வைத்துவிட்டு, காந்த நாடாக்களை மாற்ற அவன் உள்ளே போனான். நான் வெளியே பூட்டினேன். உள்தொலைபேசியில் சொன்னேன்: "உள்ளே இருக்கிற திரையில உட்காரு. அதே நாலு வரியில மன்னிப்புக் கேளு. வீட்டைப் பத்தி எழுதினதெல்லாம் பொய்னு எழுது. அப்புறம் திறக்கிறேன்." சொல்லிவிட்டு இணைப்பைப் பிடுங்கினேன்.

சற்று நேரத்தில் எழுதினான். 'மேலிடம் என்னை இயந்திர அறையில் பூட்டிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஏசி அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.'

கூடம் சிரித்தது. ஒரு மாணவன் தைரியமாக என் அறை வாசல் வரை வந்தான்.

"சார், தம்பியை எப்ப சார் ரிலீஸ் பண்றீங்க?"

"மன்னிப்புக் கேட்டதும்."

அவன் திரும்பிக் கத்தினான். "டேய், சாரே ஜோக் அடிக்கிறாருடா!"

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது வேறு மாதிரி இருந்தது. 'இது விளையாட்டு இல்லை. மூச்சு வாங்குகிறது. இன்ஹேலர் பையில் இருக்கிறது. பை அண்ணன் மேசையில் இருக்கிறது. யாராவது கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.' கூடத்தில் ஒருவன் அதை மூச்சிரைப்பது போல நடித்துக்கொண்டே உரக்கப் படித்தான். கை தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் அவனே பழக்கிவிட்டிருந்தான்.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கூடத்துக்குக் கேட்டிருக்காது. கனமான கதவு, விளிம்பெல்லாம் ரப்பர், உள்ளே விசிறிகளின் இரைச்சல். என் அறையின் சுவர் அந்த அறையோடு ஒட்டியது. எனக்குக் கேட்டது.

பிறகு நான் சொன்னபடியே எழுதிவிட்டான். 'அண்ணா மன்னிச்சிடுங்க. எழுதினது எல்லாம் பொய். அக்கா வெளிநாட்டில்தான் இருக்கா. கதவைத் திறங்கண்ணா.'

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்தவர் ஏன் மறுபடி உட்கார்ந்தீர்கள் என்றுதானே கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் கூடத்திலிருந்து அன்றைய தினத்திலேயே பெரிய சிரிப்பு எழுந்தது. முன்பு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, வெளிநாட்டிலதான் இருக்காளாம்!" என்றாள்.

சிரிப்புக்கு ஆளான மன்னிப்பு மன்னிப்பாகாது. நாலு பேர் முன்னால் போன மானம் அதே நாலு பேர் முன்னால்தான் திரும்பவேண்டும். ஒருவராவது அதைச் சிரிக்காமல் படிக்கட்டும், அந்த நொடியே திறந்துவிடுகிறேன் என்று எனக்குள் முடிவு செய்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் அறைக் கண்ணாடிக்கு அப்பால், கூடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம்பியின் பெயரைத் தட்டினார்கள். ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். சுவருக்குப் பின்னால் சத்தம் நின்றதைக் கவனித்தேன். கூடம் மூடும் வரை காத்திருந்தேன்.

பூட்டியவன் நான். பையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான்தான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள், அவன் கடைசியாக எழுதியதைச் சிரிக்காமல் படித்தவர் அங்கே ஒருவராவது இருந்தாரா என்று. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை.